இரண்டரை ஆண்டு வாழ்ந்த கட்சி, எண்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த மனிதர்



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மெஸ் சாம்பாரைப் பற்றி இந்த மலரில் குறைந்தது நாலு பேராவது எழுதிவிடுவார்கள். எனவே நம் கல்லூரி நாட்களில் அரைகுறையாகக் காதில் விழுந்து, பல வருஷம் கழித்து என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்த ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதலாம் என்று தோன்றியது. இவர் என்ஜினீயர் அல்ல, வக்கீல். ஆனால் நம் மாதிரி பாக்டரி வாசலில் பிழைப்பு நடத்துகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

மூன்றாம் வருஷம், 2010 டிசம்பர். நாங்கள் ஆறு பேர் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காகத் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் போயிருந்தோம். பாதி நாள் வேடிக்கை, பாதி நாள் டீ என்று பத்து நாள் ஓடிவிட்டது. ஒரு நாள் டீ குடிக்க ஒதுங்கிய தொழிற்சங்க அறையின் சுவரில் ஒரு முதியவரின் படம் மாட்டியிருந்தது. பணிமனையைக் கட்டிய என்ஜினீயராக இருக்கும் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த வயதான ஃபிட்டர் அண்ணனிடம் யாரென்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அறுபத்தெட்டு வயதில் எங்களுக்காக ஸ்டிரைக்குக்கு வந்து ஜெயிலுக்குப் போன ஆள் தம்பி, பேர் சிங்காரவேலர் என்றார். சென்னை கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர் இருப்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தச் சிங்காரவேலரா என்று கேட்டுவிட்டு வடையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். அன்று அவ்வளவுதான்.

கடற்கரைப் பிள்ளை

ம. சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18-ல் சென்னையில், மெரினாவை ஒட்டிய அயோத்தியா குப்பத்தில், மீனவச் சமூகத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் அந்தக் குப்பத்திலிருந்து ஒரு பையன் மெட்ரிகுலேஷன் முடிப்பதே பெரிய காரியம். இவர் கிறிஸ்தவக் கல்லூரியில் எஃப்.ஏ., மாநிலக் கல்லூரியில் பி.ஏ. என்று முடித்துவிட்டு, சட்டமும் படித்து, 1907-ல் உயர் நீதிமன்ற வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அப்போது வயது நாற்பத்தேழு! அரியர் வைத்துவிட்டு இனிமேல் என்ன படிப்பு என்று சோர்ந்து போகிற தம்பிகள் இதைக் கவனிக்கவும்.

வக்கீல் தொழிலில் பெயரும் பணமும் வந்தன. தெற்குக் கடற்கரைச் சாலையில் அவர் வீடு. வீடு நிறையப் புத்தகம். அந்த நாளில் சென்னையில் தனி மனிதர்களிடம் இருந்த பெரிய நூலகங்களில் அவருடையதும் ஒன்று. தொடக்கத்தில் அவரை இழுத்தது பௌத்தம். சாதி பார்க்காத, கேள்வி கேட்க இடம் கொடுக்கிற ஒரு நெறியைத் தேடி அங்கே போனார். அயோத்திதாசப் பண்டிதர், பேராசிரியர் லட்சுமி நரசு போன்றோர் சென்னையில் பௌத்தத்தை மீண்டும் பேசத் தொடங்கிய காலம் அது. அந்த வட்டத்தில் சிங்காரவேலரும் ஒருவர்.

அதன் பிறகு வந்தது மில் தொழிலாளர் பிரச்சினை. பெரம்பூர் பக்கத்து பக்கிங்காம், கர்நாடிக் மில்களின் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு ஆகியோர் முயன்று தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னணியில் நின்றவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அப்போது சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தலைவர்கள் மேல் தடை உத்தரவு வாங்கியது. 1921-ல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவு என்று வடசென்னை பற்றி எரிந்தது. தொழிலாளர் சட்டம் அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1911-ம் வருடச் சட்டப்படி ஜவுளி மில்லில் ஆண்களுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. 1922 திருத்தத்தில் அது பதினொன்று, வாரத்துக்கு அறுபது மணி என்று ஆனது.

அதே 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்த சிங்காரவேலர், தன் வக்கீல் அங்கியைப் பொது இடத்தில் வைத்துக் கொளுத்தினார். அதோடு தொழிலும் போயிற்று. அறுபத்தொரு வயதில், நம்மூர்க் கணக்கில் ரிட்டையர் ஆகிப் பேரப் பிள்ளையோடு பார்க்குக்குப் போகும் வயதில், அவருடைய பொதுவாழ்வு சூடு பிடிக்கிறது. 1922 டிசம்பரில் கயா காங்கிரசில் போய், தான் ஒரு கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகவே மேடையில் சொல்லிக்கொண்டார். தொழிலாளியைச் சேர்க்காமல் கிடைக்கும் சுயராஜ்யம் யாருக்குச் சுயராஜ்யம் என்பதுதான் அவர் அங்கே எழுப்பிய கேள்வி.

1923 மே 1

இப்போது கட்டுரைத் தலைப்புக்கு வருகிறேன். 1923 மே முதல் நாள். சென்னையில் இரண்டு கூட்டங்கள். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று. இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதல் முறை. செங்கொடி ஏற்றவேண்டும், சிவப்புத் துணி கைவசம் இல்லை, மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடி ஆக்கினார் என்று ஒரு செய்தி இன்றும் சொல்லப்படுகிறது. மே முதல் நாளை விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த நாளிலேயே ஒரு புதுக் கட்சியும் அறிவிக்கப்பட்டது. லேபர் கிசான் பார்ட்டி ஆஃப் ஹிந்துஸ்தான் என்று பெயர். தமிழில் சொன்னால் இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி.

பெயர் இந்துஸ்தான் முழுவதற்கும்! ஆள் பலமோ சென்னையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். வேலாயுதம் என்ற இளைஞர் செயலாளராக உடன் நின்றார். லேபர் கிசான் கெஜட் என்று ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை, தொழிலாளன் என்று தமிழில் ஒன்று. இவ்வளவுதான் கட்சியின் சொத்து.

நான் முதலில் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கட்சி என்றால் தேர்தல், சீட்டு, சட்டசபை என்றுதானே நமக்குப் பழக்கம்? இந்தக் கட்சி எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லையே, அப்புறம் இது என்ன கட்சி? பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றைய சட்டசபைக்கு ஓட்டுரிமை வரி கட்டுகிறவனுக்கும் சொத்து உள்ளவனுக்கும்தான். மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதிக்கே ஓட்டு. மில்லில் பாபின் மாற்றுகிறவனுக்கும், குத்தகைக்கு உழுகிறவனுக்கும், கட்டுமரம் ஏறுகிறவனுக்கும் ஓட்டு கிடையாது. ஓட்டில்லாதவர்களுக்காக ஒரு கட்சி ஆரம்பித்தால் அது சட்டசபைக்கு வெளியேதானே இருக்க முடியும்? கடற்கரை மணல்தான் அவர்களுடைய சட்டசபை.

கட்சி என்ன கேட்டது? எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி, விபத்துக்கும் முதுமைக்கும் காப்பீடு, உழுகிறவனுக்கு நிலத்தில் உறுதி ஆகிய கோரிக்கைகள். வழி என்ன? காங்கிரசை விட்டு வெளியேறாமல், அதற்குள்ளேயே தொழிலாளிக்கென்று தனிக் குரலாக இயங்குவது. முறை அகிம்சை. இதில் வெளிநாட்டில் இருந்த எம்.என். ராய்க்குத் திருப்தி இல்லை. அகிம்சை பேசும் கம்யூனிஸ்ட்டா என்று அவருக்குச் சங்கடம். காங்கிரஸ் பெரியவர்களுக்கோ, தேசம் முழுக்க ஒன்றாய் நிற்கும்போது இது என்ன தனியாக என்ற சங்கடம். அரசாங்கத்துக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. சின்னக் கட்சி, மூன்று பக்கமும் இடி!

ஒரு கட்சியின் ஆயுள்

1924-ல் கான்பூர் சதி வழக்கு வந்தது. ரஷ்யாவோடு சேர்ந்து இந்தியாவில் மன்னரின் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. முசாபர் அகமது, டாங்கே, சவுகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கும் நான்காண்டு தண்டனை. சிங்காரவேலர் பெயரும் பட்டியலில் இருந்தது. உடல்நிலை மோசமாக இருந்ததால் அவரைச் சென்னையிலிருந்து கான்பூருக்குக் கொண்டுபோய் விசாரிக்கவில்லை. ஆனால் ரகசியப் போலீசின் கண் மட்டும் அந்த வீட்டை விட்டு அகலவில்லை. பத்திரிகை தள்ளாடியது, கூட வந்தவர்கள் சிதறினார்கள். 1925 டிசம்பரில் அதே கான்பூரில் இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாடு கூடியபோது, தலைமை வகித்தவர் சிங்காரவேலர். அதோடு அவருடைய சொந்தக் கட்சியின் தனிவாழ்வு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

கணக்குப் பார்த்தால் இரண்டரை வருஷம். ஒரு எம்.எல்.ஏ. கிடையாது, ஒரு சட்டம் கொண்டுவரவில்லை, ஒரு பெரிய போராட்டத்தைக் கட்சிப் பெயரில் ஜெயிக்கவில்லை. நம் டிப்பார்ட்மென்ட் பாஷையில் சொன்னால், வைவாவில் பெயில் ஆன பிராஜெக்ட். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் சொந்தக் கதை ஒன்று நடக்கும்வரை.

பொன்மலையும் என் ஸ்டாப்வாட்சும்

2014-ல் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு இண்டஸ்ட்ரியல் என்ஜினீயரிங் பிரிவில் வேலை. பெயர் வேண்டாம். முதல் பெரிய வேலையாக ஒரு அசெம்பிளி லைனுக்கு டைம் ஸ்டடி எடுக்கச் சொன்னார்கள். கையில் ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக இரண்டு வாரம் லைனில் நின்றேன். அந்த லைனில் ஒரு அண்ணன், காண்ட்ராக்ட் தொழிலாளி. காலையில் நான் சாப்பிடாமல் வந்தது தெரிந்தால் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுவார். நான் அளக்கிற நாட்களில் அவர் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்தார். தம்பியின் முதல் ரிப்போர்ட் நன்றாக வரவேண்டுமாம். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் அந்த எண்களையே எழுதிக்கொண்டேன்.

இருபத்திரண்டு பேர் செய்வதைப் பத்தொன்பது பேர் செய்யலாம் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். மீட்டிங்கில் கை தட்டினார்கள். அடுத்த மாதம் லைனில் மூன்று பேர் இல்லை. அதில் ஒருவர் அந்த அண்ணன். அவருடைய வேகமான கையை வைத்தே அவருடைய வேலையைக் கணக்கிலிருந்து கழித்திருக்கிறேன். போன் பண்ணலாம் என்று பல தடவை எடுத்து வைத்துவிட்டேன். இன்றுவரை பேசவில்லை.

அந்த நாட்களில் ஒரு இரவுதான் பொன்மலைச் சுவரில் பார்த்த படம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் எதற்காக அங்கே ஸ்டிரைக்குக்குப் போனார் என்று தேடிப் படித்தேன். படித்ததும் தூக்கம் போய்விட்டது.

1928-ல் தென்னிந்திய ரயில்வே, நாகப்பட்டினம், போத்தனூர் ஆகிய ஊர்களில் இருந்த பணிமனை வேலைகளைப் பொன்மலையில் கட்டிய புதிய பணிமனைக்குக் கொண்டுபோக முடிவு செய்தது. கூடவே ஆட்குறைப்பு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கத் தொழிலாளர்களுக்குத் திறமைப் பரீட்சை வைத்தார்கள். இருபது வருஷம் உளி பிடித்தவனை ஒரு நாள் பரீட்சையில் அளந்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஜூலையில் ரயில்கள் நின்றன. சிங்காரவேலர் அப்போது அறுபத்தெட்டு வயதுக்காரர். முகுந்தலால் சர்க்காரோடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பத்துப் பன்னிரண்டு நாளில் வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. தலைவர்கள் மேல் சதி வழக்கு. சிங்காரவேலருக்குப் பத்தாண்டு கடுங்காவல். மேல்முறையீட்டில் அது பதினெட்டு மாதமாகக் குறைந்தது. பெருமாள் என்ற தொழிலாளர் தலைவரை அந்தமானுக்கே அனுப்பினார்கள். முதியவர் 1930-ல்தான் வெளியே வந்தார்.

நான் எடுத்த டைம் ஸ்டடிக்கும் அந்தப் பரீட்சைக்கும் நடுவில் எண்பத்தாறு வருஷம். ஆனால் கேள்வி ஒன்றுதான். மிச்சமாகிற நேரம் யாருக்குப் போகிறது, மிச்சமாகிற மனிதன் எங்கே போகிறான்? லேபர் கிசான் கட்சி 1923-ல் கடற்கரையில் வைத்தது இந்தக் கேள்வியைத்தான். கட்சி போய்விட்டது. அதை ஆரம்பித்தவர் ஐந்து வருஷம் கழித்து, கட்சியும் இல்லாமல், அதே கேள்வியோடு பொன்மலைக்கு வந்து நிற்கிறார். அப்படியானால் எது பெயில் ஆனது?

கடைசி ஆண்டுகள்

ஜெயிலிலிருந்து வந்தவருக்கு வயது எழுபது. ஓய்ந்தாரா? பெரியாரின் குடிஅரசு இதழில் எழுதத் தொடங்கினார். டார்வின், ஐன்ஸ்டீன், வானசாஸ்திரம், பொருளாதாரம் என்று அவர் தமிழில் எழுதிய விஷயங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கலைச்சொல் அகராதிகள் பெருகாத காலத்தில், ரிலேட்டிவிட்டி தியரியைச் சாதாரண வாசகனுக்குத் தமிழில் சொல்ல ஒரு கிழவர் உட்கார்ந்து முயன்றிருக்கிறார். நாமெல்லாம் நாலு வருஷம் இங்கிலீஷில் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தோம்!

1932 கடைசியில் ஈரோட்டில் சுயமரியாதை இயக்கத்துக்கென ஒரு சமதர்மத் திட்டம் உருவானபோது அதில் அவருக்குப் பெரும் பங்கு. ஆனால் அந்த முயற்சியும் நீண்ட நாள் நீடிக்கவில்லை. அரசாங்க நெருக்கடி வந்தபோது பெரியார் சமூகச் சீர்திருத்தத்தை முன்னிறுத்தினார், சிங்காரவேலர் சமதர்மத்தை விட மறுத்தார். கருத்து வேறுபட்டுப் பிரிந்தார்கள். 1935-ல் புதுஉலகம் என்று சொந்தமாக ஒரு பத்திரிகை. அதுவும் கொஞ்ச நாள்தான். ஆரம்பித்ததெல்லாம் குறுகிய ஆயுள், ஆரம்பிக்கிற குணத்துக்கு மட்டும் நீண்ட ஆயுள் என்று சொல்லலாம்.

1946 பிப்ரவரி 11-ல், எண்பத்தாறு முடிய ஒரு வாரம் இருக்கும்போது காலமானார். அதே 1946-ல் சட்டத் திருத்தம் வந்து வார வேலை நேரம் 48 மணியாகக் குறைந்தது. 1948-ல் தொழிற்சாலைச் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் மூன்றும் வந்தன. இவையெல்லாம் ஒரு சிறு கட்சியால் வந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ பேருடைய போராட்டம், சிறை, துப்பாக்கிச் சூடு இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் கடற்கரையில் கேட்டபோது கிறுக்குத்தனமாகத் தெரிந்த பட்டியல், இருபத்தைந்து வருஷத்தில் சட்டப் புத்தகத்தில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

நூறாண்டு கழித்து

கடைசியாக ஒன்று. 2023 ஏப்ரல் 21-ல் நம் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் வேலை நேர விதிகளைத் தளர்த்தி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா. தொழிற்சங்கங்களும் ஆளும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1-ம் தேதி சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நான் தேதியைப் பார்த்தேன். சரியாக நூறு வருஷம்! அந்தப் பழைய கூட்டங்கள் நடந்த மணலிலிருந்து அந்தப் பூங்கா ரொம்ப தூரமும் இல்லை.

தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பீர்கள். அது இப்போது சாப்ட்வேராகவும் கேமராவாகவும் வந்துவிட்டது. அளப்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அதுதான் என் சோறு. ஆனால் இப்போது நான் எழுதும் ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரு பக்கம் சேர்க்கிறேன். மிச்சமாகிற ஆட்களை எந்த லைனில், எந்த வேலையில் அமர்த்தலாம் என்று பெயர் பெயராக எழுதுகிற பக்கம். பல தடவை அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு தடவை பார்த்தார்கள். மொத்தம் ஏழு பேர் வேலையில் இருக்கிறார்கள்.

ரீயூனியனுக்கு வரும் நண்பர்கள் சென்னைக்குப் போனால் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம். 1959-ல் வைத்த சிலை அது. எடுத்த பிறகு அப்படியே அந்தச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். மீனவர் குப்பம் வரும். அங்கே பிறந்த ஒரு பையன் இதே மணலில்தான் தன் அறுபத்து மூன்றாவது வயதில் கொடி ஏற்றினார்.

எனக்கு இன்னும் ஒரு போன் கால் பாக்கி இருக்கிறது. இந்த மலர் அச்சேறி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த அண்ணனைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று இருக்கிறேன்.



(கட்டுரையாளர்: மெக்கானிக்கல், 2008–2012 அணி)